அகழிக்கு அக்கட்டால

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது. பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீங்க இருபது நிமிஷம் பேசோணும், பழைய நினைவுகள் வேண்டாம், ஏற்கெனவே ஏழு பேர் அதைத்தான் பேசறாங்க, வேற ஏதாவது பேசுங்க" என்றார். கடலுக்கடியில் இருக்கும் எரிமலைகளைப் பற்றிப் பேசலாமா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கோயமுத்தூர்ல கடலுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. நமக்குக் கடல் வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் பொன்னானிக்குப் போக வேண்டும். எரிமலைக்கு இன்னும் தூரம். இருந்தாலும் இந்தத் தலைப்பில் எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. கடன் கொடுத்தவர் இதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நான் 1973இல் நம் கல்லூரியை விட்டு வெளியே போனவன். பிறகு புவியியல் ஆசிரியராகப் பல்லடம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் இருந்தேன். 1988ஆம் வருஷம், பதினொன்றாம் வகுப்பு. மத்தியானம் முதல் பீரியட். எல்லாப் பிள்ளைகளும் சோற்று மயக்கத்தில் இருக்கிற நேரம். கரும்பலகையில் ஆழ்கடல் அகழியைப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். இடது பக்கமிருந்து கடல்தரைத் தட்டு வருகிறது, வளைகிறது, வலது பக்கத் தட்டுக்கு அடியில் புகுந்து இறங்குகிறது. வளைந்து இறங்குகிற இடத்தில் ஒரு பெரிய பள்ளம், அதுதான் அகழி. வலது பக்கத்தில், அகழியிலிருந்து நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி, வரிசையாக எரிமலைகள். சிவப்புச் சாக்பீஸில் புகை வரைக்கும் போட்டேன். படம் நன்றாகவே வந்திருந்தது.

பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அதிகம் பேசாத பையன். "சார், ஒரு சந்தேகமுங்க" என்றான். "மடங்கற எடத்துலதானுங்க எதுவும் வெடிப்பு விடும்? ராகி ரொட்டிய மடிச்சா மடிப்புலதான் பிளக்குது. அப்ப பள்ளத்துக்கு அக்கட்டால, தட்டு வளைய ஆரம்பிக்கற எடத்துல, ஏனுங்க எரிமலையே இல்லை?"

கேள்வி எனக்குப் புரிந்தது. பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "ரொட்டிக்கும் பூமிக்கும் முடிச்சுப் போடாதே, புஸ்தகத்துல இருக்கறதைக் கேளு, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அடுத்த ஒரு வாரம் அவனை "ராகி ரொட்டி" என்று கூப்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வி கேட்கவில்லை. பிறகு நம் கல்லூரியிலேயே பி.காம். சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். விஞ்ஞானப் பக்கம் வரவில்லை.

நிற்க. முதலில் அந்தப் புஸ்தகம் சொன்ன கதையைச் சொல்லிவிடுகிறேன். அது பொய்யில்லை, முழுசாக இல்லை, அவ்வளவுதான்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை. பல தட்டுகளாக உடைந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. நாம் உட்கார்ந்திருக்கிற இந்தியத் தட்டு வடகிழக்காகப் போகிறது. அந்தமான், சுமத்ரா ஓரமாக அது வேறொரு தட்டுக்கடியில் அமிழ்கிறது. அங்கேதான் சுண்டா அகழி. அமிழும் தட்டு ஊறிய தட்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்து பாறைக்குள்ளேயே நீரை ஏற்றி வைத்திருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஆழம் போனதும் அந்த நீர் வெளியேறி மேலிருக்கும் சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்தால் பாறை உருகும் வெப்பநிலை குறைந்துவிடும். கோவைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வார்ப்படப் பட்டறையில் குப்போலா உலைக்குள் இரும்போடு சுண்ணாம்புக்கல்லும் போடுகிறோமே, எதற்கு? கசடு சீக்கிரம் இளகி ஓடட்டும் என்றுதானே. அதே சங்கதி. அப்படி இளகிய பாறைக்குழம்பு மேலே ஏறி எரிமலையாகிறது.

நம் நாட்டில் இதற்கு உயிருள்ள சாட்சி அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. போர்ட் பிளேர் என்று நாம் படித்த ஊருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேலே 350 மீட்டர் சொச்சம்தான் தெரியும், உடம்பெல்லாம் தண்ணீருக்குள். 1787இல் வெடித்ததாகக் குறிப்பு இருக்கிறது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் உறங்கி, 1991இல் திடீரென்று விழித்துக்கொண்டது. அப்புறம் விட்டு விட்டு இன்றுவரை புகைகிறது. 2017 ஜனவரியில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வியல் நிறுவனத்தின் குழு ஒன்று, கடல்தரை மாதிரி எடுக்கப் போன இடத்தில், தங்கள் கண்முன்னே அது சாம்பல் கக்குவதைப் பார்த்திருக்கிறது. அதே நிறுவனத்தார் நிக்கோபார் அருகே, வாய்க்குழியோடு கூடிய ஒரு கடலடி எரிமலைக் குன்றையும் ஆராய்ந்து 2012இல் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் அகழிக்கு இக்கட்டால, அதாவது கிழக்கே. என் கரும்பலகைப் படத்தில் வலது பக்கம். அந்தப் பையன் கேட்டது இடது பக்கத்தை.

நான் 2010இல் ஓய்வு பெற்றேன். 2012 ஏப்ரலில் சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். 11ஆம் தேதி மத்தியானம் இரண்டு மணி தாண்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. மின்விசிறியை நிறுத்தியும் ஆடியது. எல்லோரும் மாடியிலிருந்து இறங்கித் தெருவில் நின்றோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 யாருக்கும் மறக்கவில்லை. அன்றைக்கு அந்த அகழி ஓரமாகத்தான் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர், கன்னியாகுமரியில் சாதாரண ஜனங்களைக் கடல் கொண்டுபோனது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நாலு மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீரில் நிற்கிறது. தெருவில் நின்ற ஒவ்வொருவரும் அதையேதான் நினைத்தோம்.

2012இல் பெரிய சுனாமி வரவில்லை. 8.6 அளவில் வந்தும் வரவில்லை. ஏன் என்று அன்று ராத்திரி மகனுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். அந்த நிலநடுக்கத்தில் பாறைகள் மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில் உரசி நகர்ந்திருக்கின்றன. கடல்தரை தூக்கிப் போடப்படாததால் தண்ணீரும் எழும்பவில்லை. ஆனால் என்னைத் தூங்க விடாதது அதுவல்ல. அது நடந்த இடம். அகழிக்கு மேற்கே, நூறு கிலோமீட்டர் வெளியே, இன்னும் அமிழவே ஆரம்பிக்காத தட்டுக்குள். இடது பக்கத்தில்! எதுவுமே நடக்காது என்று இருபத்தைந்து வருஷம் நான் வெறுமையாக விட்ட பக்கத்தில்.

அன்று தேட ஆரம்பித்தவன், சில வாரங்களில் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தேன். கப்பலில் அல்ல, காகிதத்தில்தான்.

ஜப்பானியர்களிடம் கைக்கோ என்றொரு ஆளில்லா நீர்மூழ்கி இருந்தது. 1995இல் உலகின் மிக ஆழமான இடமான சேலஞ்சர் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டு வந்தது. 2003இல் கேபிள் அறுந்து கடலோடு போய்விட்டது, பாவம். 1997இல் அது ஜப்பான் அகழியின் வெளிப்புறச் சரிவில், அதாவது பையன் சொன்ன அக்கட்டால, சில கற்களைப் பொறுக்கி வந்தது. கரும் எரிமலைப் பாறை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, கடல்தரை முழுவதுமே எரிமலைப் பாறைதான். ஆனால் வயதைக் கணக்கிட்டால் சுமார் 60 லட்சம் ஆண்டுகள். அந்த இடத்துத் தட்டின் வயதோ 13 கோடி ஆண்டுகள். அறுபது வயதுக் கிழவர் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை விளையாடுகிற மாதிரி. யாருடைய குழந்தை?

அருகில் எரிமலைத் தீவு எதுவும் இல்லை. ஹவாய் போல பூமியின் ஆழத்திலிருந்து சூடு பொங்கி வரும் 'ஹாட் ஸ்பாட்' எதுவும் இல்லை. தட்டுகள் விலகும் நடுக்கடல் முகடும் இல்லை. எரிமலை வருவதற்கு நான் பாடம் நடத்திய மூன்று காரணங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. நவோடோ ஹிரானோ என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தக் கல்லை விடவில்லை. அகழியிலிருந்து 600 கிலோமீட்டர் வெளியே பசிபிக் நடுவில் போய்த் தேடினார்கள். கடல்தரையில் சின்னச் சின்ன மேடுகள். குறுக்களவு ஒன்றிரண்டு கிலோமீட்டர், உயரம் சில நூறு மீட்டர். சாதாரணக் கடல் வரைபடத்தில் தெரியவே தெரியாது. அங்கே கிடைத்த கற்களோ பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைந்தவை. பூமிக் கணக்கில் நேற்றுப் பிறந்தவை.

2006இல் அவர்கள் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதியபோது இந்தச் சின்ன எரிமலைகளுக்குப் 'பெட்டி ஸ்பாட்' என்ற பெயர் நிலைத்தது. பெட்டி என்றால் பிரெஞ்சில் சிறியது. நமக்கு அர்த்தமே சொல்ல வேண்டியதில்லை. ஹவாய் பெரிய ஜவுளி மாளிகை என்றால் இது பெட்டிக்கடை!

சரி, குழம்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் ரசமே இருக்கிறது.

நம்ம பக்கம் கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும். பாறைக்கு அடியில் ஏரி மாதிரி தண்ணீர் தேங்கி நிற்பதில்லை. பாறைக்குள்ளே மயிரிழை மயிரிழையாக ஈரம் பரவி இருக்கும். வெடி வைத்து விரிசல் விட்டால், அந்த விரிசலைத் தேடிக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கசியும். ஊற்றுக்கண் திறந்தது என்கிறோம். ஆயிரம் அடி போர் போட்டும் புகை வந்த கதை உங்களில் பலருக்கு உண்டு, பத்தடி தள்ளிப் போட்டவனுக்குத் தண்ணீர் பீய்ச்சிய கதையும் உண்டு. ஈரம் இருந்தால் மட்டும் போதாது, விரிசலும் வேண்டும்.

பூமித் தட்டுக்குக் கீழேயும் அப்படித்தான். தட்டின் கனம் நூறு கிலோமீட்டர் போல. அதற்கடியில் இருக்கும் பாறை உருகிய குழம்பு அல்ல. கெட்டிப் பாறைதான், ஆனால் மெத்தென்று இளகும் பக்குவத்தில் இருக்கிறது. அதன் துகள்களுக்கிடையில் கொஞ்சூண்டு, மிகக் கொஞ்சூண்டு, உருகிய குழம்பு ஈரம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே கனமான மூடி. எங்கேயும் போக வழியில்லை. அந்தத் தட்டு அகழியை நெருங்கும்போது என்ன நடக்கிறது? அமிழ்வதற்கு முன்னால் ஒரு புடைப்பு எழும்புகிறது. படுக்கை விரிப்பை ஒரு ஓரத்தில் கீழே இழுத்தால் அதற்குச் சற்று முன்னால் மேடு தட்டுமே, அது போல. புடைப்பு எழும் இடத்தில் தட்டின் மேற்புறம் இழுபட்டு வெடிப்பு விடுகிறது. அதற்கும் முன்னால் தட்டு எதிர்ப்பக்கமாக லேசாக வளைகிறது. அங்கே மேற்புறம் நெருக்குண்டு, அடிப்புறம் இழுபட்டு விரிகிறது. அடியில் விரிந்த வெடிப்பில் ஈரம் கசிந்து ஏறுகிறது. ஊற்றுக்கண் திறக்கிறது. கடல்தரையில் ஒரு பெட்டிக்கடை.

ராகி ரொட்டி என்று அவன் சொன்னானே, அதுதான். ஹிரானோ குழுவினர் தங்கள் கட்டுரைக்கு வைத்த தலைப்பும் ஏறக்குறைய அதுவே, தட்டு வளைவதால் எழும் எரிமலை என்று. 1988இல் பல்லடம் பக்கத்துப் பின் பெஞ்சில் எழுந்த கேள்விக்கு 2006இல் பதில் அச்சாகியிருக்கிறது. அதை நான் படித்தது 2012இல்.

அந்தக் கற்களில் இன்னொரு விசித்திரம். கல் முழுக்க ஓட்டை, பஞ்சு மாதிரி. ஐந்து ஆறு கிலோமீட்டர் தண்ணீர் மேலே அழுத்தும்போது குழம்பிலிருந்து வாயு குமிழியாகப் பிரிவது லேசில்லை. கோலி சோடாவில் கோலி இறுக்கமாக இருக்கிற வரைக்கும் உள்ளே குமிழி தெரியாது இல்லையா? ஐந்நூறு மடங்கு காற்றழுத்தத்தில் மூடி வைத்த சோடா, அதிலேயும் பொங்கியிருக்கிறது என்றால் உள்ளே எவ்வளவு வாயு இருந்திருக்க வேண்டும்! சோடாவில் இருக்கிற அதே கார்பன் டை ஆக்சைடுதான் அதிலும். அதுதான் குழம்பை இளக வைத்திருக்கும் சுண்ணாம்புக்கல் வேலையையும் செய்திருக்கும் என்கிறார்கள்.

பிறகு சிலி நாட்டுக்கு அப்பால், டோங்கா அகழிக்கு அப்பால், மரியானா அகழிக்கு அப்பால் என்று பல இடங்களில் இவை தென்பட்டன. நம் இந்துமாக்கடலிலும் உண்டு. ஜாவாவுக்குத் தெற்கே 350 கிலோமீட்டரில் கிறிஸ்துமஸ் தீவு. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம், பாஸ்பேட் வெட்டியெடுத்த ஊர். அகழிக்கு முன்னால் எழும் புடைப்பின் மேலேயே அது உட்கார்ந்திருக்கிறது. அடித்தளம் சுமார் 4 கோடி ஆண்டுப் பழசு. அதன் மேலே, நடுவில் நெடுங்காலம் ஒன்றும் இல்லாமல், நாற்பது ஐம்பது லட்சம் ஆண்டுக்கு முன்னால் ஒரு புதுக் குழம்பு ஊற்றியிருக்கிறது. செத்துப்போன எரிமலை மறுபடி எழக் காரணம் தட்டு வளைந்ததுதான் என்று அங்கே ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

"இத்தனை சின்ன எரிமலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்று என் மனைவியே கேட்டார். அதற்கு 2011 மார்ச் 11ஐச் சொல்ல வேண்டும். அன்று ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, அகழி ஓரத்தில் தட்டு ஏறக்குறைய 50 மீட்டர் சறுக்கிவிட்டது. அவ்வளவு தூரம் சறுக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மறு வருஷம் சிக்யூ என்ற கப்பல் ஏழு கிலோமீட்டர் ஆழக் கடலுக்கடியில் துளை போட்டுப் பார்த்தது. இரண்டு தட்டுக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கும் குறைவான ஒரு களிமண் அடுக்கு. மழையில் கரிசல் காட்டு வண்டித்தடத்தில் நடந்தவர்களுக்கு அது எப்படிச் சறுக்கும் என்று தெரியும். (இடையில் ஒன்று. நம்ம கோவைக் கரிசல் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று நானே பாடம் எடுத்திருக்கிறேன். அது மகாராஷ்டிரக் கரிசலுக்குத்தான் பொருந்தும். நம்முடையது இங்கத்துச் சுண்ணாம்புச் சத்துள்ள பாறை நைந்து வந்தது. இது என் இரண்டாவது கடன், இதற்குக் கேட்பார் யாருமில்லை.)

அந்தக் களிமண் கடல்தரையில் படிந்து, தட்டோடு ஏறி வந்தது. வரும் வழியில் பெட்டி ஸ்பாட் எரிமலைகள் முளைத்த இடங்களில், குழம்பு களிமண்ணுக்குள் புகுந்து அதைச் சுட்டுக் குலைத்திருக்கிறது. அப்படிக் குலைந்த இடங்களும் 2011 சறுக்கல் நின்ற எல்லைகளும் ஒத்துப்போகின்றனவா என்று ஜப்பானியர் ஆராய்ந்து 2020இல் எழுதியிருக்கிறார்கள். ஒத்துப்போகிற மாதிரித்தான் தெரிகிறது என்பது அவர்கள் கருத்து. அது உறுதியானால், ஒரு பெருஞ்சுனாமி எந்த ஊர் வரை வரும் என்பதை இந்தப் பெட்டிக்கடைகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்றாகும். நாகப்பட்டினத்தைப் பார்த்த நாம் அதை அற்பம் என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் தூரத்துச் சமாச்சாரம், நாம் தட்டின் நடுவில் பத்திரமாக இருக்கிறோம் என்று தோன்றலாம். 1900 பிப்ரவரி 8ஆம் தேதி இதே கோயமுத்தூரை ஏறக்குறைய 6 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியிருக்கிறது. தட்டின் நடு என்றால் தூங்கும் இடம் என்று பொருளில்லை. இன்னும் பின்னால் போனால் சங்கதி வேறே. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரைக்கும் நம் நிலத்தடியில் ஒரு பழைய தையல் ஓடுகிறது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே ஒரு கடல் இருந்து, அதன் தரை அமிழ்ந்து மூடிக்கொண்ட தழும்பு அது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். காவிரிக் கரை மணமேட்டில் அந்தக் கடல்தரையின் துண்டையே அடையாளம் காட்டுகிறார்கள். மறுப்பவர்களும் உண்டு. அந்தச் சாரார் சொல்வது சரியென்றால், நம்ம ஊரே ஒரு காலத்தில் அகழிக்கரை.

காங்கயம் பக்கம் சிவன்மலைக்கு முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் படியேறும்போது காலடிப் பாறையையும் கொஞ்சம் பாருங்கள். ஆழத்தில் குழம்பாக இருந்து மெல்ல ஆறிய அபூர்வக் கல். ஹாலண்ட் என்ற ஆங்கிலேய நிலவியலார் இந்த மலையைப் பற்றியே 1901இல் ஒரு தனி நூல் எழுதினார். நான் வருஷாவருஷம் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் அங்கே கூட்டிப் போவேன். 1988இலும் போனோம். அந்தப் பையன் ஒரு கல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அதைப் பற்றியும் அவன் எதுவும் கேட்கவில்லை.

கட்டுரையைப் படித்த பிறகும் அவரைத் தேடிப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. சாக்குச் சொல்லிக்கொண்டே பல வருஷம் ஓட்டினேன். போன வருஷம் இந்தச் சந்திப்பில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பீளமேட்டில் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். தலையெல்லாம் வெள்ளை. "சார், என்னைத் தெரியுதுங்களா?" என்றார். தெரிந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுவாரம் அந்தக் கட்டுரையை நகல் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

பழைய கேள்வியை ஞாபகப்படுத்தினேன். "எந்தக் கேள்விங்க சார்?" என்றார். மறந்தே போய்விட்டாரோ என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அவரே சிரித்து, "ராகி ரொட்டிங்களா?" என்றார். மறக்கவில்லை. நான் படத்தைக் காட்டி, தம்பி, நீங்க கேட்டது சரி, நான் உட்கார வெச்சது தப்பு என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டுரைப் படத்தை நெடுநேரம் பார்த்தார். அளவு நாடாவில் அளப்பது போல விரலால் அகழிக்கும் மேட்டுக்கும் தூரம் அளந்தார். முப்பத்தேழு வருஷம் கழித்து என்னிடம் அடுத்த கேள்வி வந்தது.

"சரிங்க சார், ஜப்பான்ல இருக்குது, ஜாவாகிட்ட இருக்குது. நம்ம அந்தமானுக்கு மேக்கால இருக்குதுங்களா?"

அங்கே ஒரு சிக்கல் என்றேன். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரைத்துக் கொண்டுவந்து வங்கக் கடலில் கொட்டுகின்றன. அந்த வண்டல் அந்தமான், வட சுமத்ரா அகழி வரைக்கும் கிலோமீட்டர் கணக்கில் கனமாகப் படிந்து கிடக்கிறது. சில நூறு மீட்டர் உயரமுள்ள பெட்டிக்கடை அங்கே முளைத்திருந்தாலும் மண் மூடியிருக்கும். ஜாவாவுக்குத் தெற்கே வண்டல் குறைவு, அதனால் கண்ணுக்குத் தெரிகிறது.

"அப்ப வண்டலுக்கு அடியில எப்படிங்க பாக்கறது? நம்ம போர் பாயிண்ட் பாக்கற மாதிரி கரண்டு வெச்சா?"

ஒலி அலை விட்டு எதிரொலியைப் பிடிப்பார்கள் என்று சொன்னேன். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அதை நிறுத்திவிட்டு வந்து, "களிமண்ணுக்கும் கல்லுக்கும் சத்தம் வேற மாதிரி திரும்புமுங்களா?" என்றார். வேறாகத்தான் திரும்பும் என்றேன். எவ்வளவு வேறு, அந்த ஆழத்தில் சின்னக் குன்று ஒன்றைப் பிரித்துக் காட்டுமா என்று கேட்டார். தெரியவில்லை தம்பி, படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். படித்துக்கொண்டிருக்கிறேன்.